வேலி போட்டாச்சு, பிறகு?

எங்கள் தாமானில், அதாவது இந்தக் குடியிருப்பில், அவரை எல்லாரும் மேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் சமையல்காரராக இருந்தவர். இதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. "கேம்ப்ல என்ன வேலை பார்த்தீங்க?" என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. ரேடார், ஏவுகணை என்று ஒருவர் சரளமாகப் பேசும்போது, அவர் கையில் அத்தனை வருஷமும் கரண்டி இருந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அவருடைய வலது முழங்கையில் ஒரு பெரிய தழும்பு. போரில் பட்டது என்று எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கோழி பொரிக்கும்போது எண்ணெய் தெறித்தது அது.

எனக்குத் தெரிய வந்ததே தற்செயல்தான். தீபாவளி ஒன்றுகூடலுக்கு நான் சாம்பார் வைத்து மண்டபத்துக்குக் கொண்டு போயிருந்தேன். அவர் அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"எத்தனை பேருக்கும்மா இது?"

"அறுபது பேருக்கு அண்ணே."

"நாப்பத்தெட்டுக்குத்தான் வரும்."

நாற்பத்தேழாவது ஆளோடு சாம்பார் தீர்ந்தது. அன்றைக்கே கேட்டேன், சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜொகூர் பாருவில் மூலைக்கு மூலை நல்ல சமையல்காரர்கள் இருக்கிறார்கள். எங்கள் தாமானுக்கு ஒரு மேஜர் தேவைப்பட்டார்.

சனிக்கிழமை காலைகளில் முச்சந்தியில் இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் எங்கள் கூட்டம் பசியாறும். நான், என் கணவர் சேகர், தலைவர், மேஜர். அந்தச் சமயம் தொலைக்காட்சியில் எங்கோ ஒரு தேசத்துப் போர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்திலிருந்து ராக்கெட்டுகள் வரும். நகரத்திலிருந்து வேறு ராக்கெட்டுகள் மேலே போய் அவற்றை வானத்திலேயே உடைக்கும். எங்கள் மேசையில் இதைப் பந்தாட்டம் போலப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா மேஜர், ஒண்ணு விடாம அடிச்சிட்டான்," என்றார் சேகர்.

மேஜர் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, "அடிச்சிட்டான். சரி, பிறகு?" என்றார்.

"பிறகு என்ன பிறகு? ஜனங்க பொழைச்சாங்க."

"பொழைச்சாங்க, ரொம்ப நல்லது. நான் அந்த மந்திரி மூஞ்சியப் பாக்கிறேன்." திரையில் ஒரு மந்திரி ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மழித்த கன்னம், இஸ்திரி போட்ட சட்டை. "நல்லா பசியாறிட்டு வந்திருக்காரு. ஊர்ல நாலு தெரு இடிஞ்சிருந்தா இன்னிக்கு இவரு ஏதாச்சும் ஒண்ண முடிவு பண்ணியே ஆகணும். ஒண்ணு அந்தப் பக்கத்துக்காரனுக்கு போன் பண்ணணும், இல்ல படையக் கூட்டிட்டுப் போகணும். ரெண்டுமே கஷ்டம். இப்ப ரெண்டும் வேணாம். மேல பாத்துக்க மிசின் இருக்கு. அடுத்த வாரமும் இதே சட்டை போட்டுக்கிட்டு இதே பேச்சத்தான் பேசப் போறாரு."

"அப்ப மிசினே வேணாங்கிறீங்களா?" என்று தலைவர் கேட்டார்.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று மேஜர் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தார்.

அடுத்த சனிக்கிழமை அதே மந்திரி, அதே பேச்சு. சேகர் ஜெயித்தவர் மாதிரி சொன்னார்: "சட்டைய மாத்திட்டாரு மேஜர்."

அவரோடு பசியாறுவது லேசான காரியம் இல்லை. யார் எதைப் பாதுகாப்புக்கென்று வாங்கினாலும் அவரிடமிருந்து அந்த ஒரு சொல் வந்துவிடும். சேகர் காரில் பின்பக்கக் கேமரா மாட்டினார். "சரி, பிறகு?" என்றார் மேஜர். ஒரு வாரத்தில் சேகர் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டு, கேமராவுக்குத் தெரியாத ஓரத்தில் இருந்த, ஆயர் ஈத்தாமில் நான் பார்த்துப் பார்த்து வாங்கிய பூச்சாடியை உடைத்தார். மேஜர் துண்டுகளைப் பொறுக்க வந்து உதவி செய்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தன்னையும் அவர் விட்டுவைத்ததில்லை. டாக்டர் கொழுப்புக்கு மாத்திரை கொடுத்த மாதத்திலிருந்து அவர் வீட்டில் வாரம் இரண்டு தடவை ஆட்டுக்கறி. "மருந்து நல்ல மருந்துதான்மா," என்றார். "எனக்குத்தான் தைரியம் கூடிப்போச்சு."

இந்தச் சொல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அவர் அடுப்படியில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். சங்கத்துக் கூட்டத்துக்கு அவர் பீஹூன் என்கிற அரிசிச் சேமியாவைப் பிரட்டிக்கொண்டிருந்தார், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நான் சங்கத்தின் செயலாளர். கடிதம் தட்டச்சு செய்ய வேறு யாரும் முன்வராததால் அந்தப் பதவி எனக்கு வந்தது. மேஜர் என்னைக் கெராணியம்மா, அதாவது குமாஸ்தா அம்மா, என்பார்.

"முன்னெல்லாம் எங்க கேம்ப்ல பழைய பீரங்கிதான் கெராணியம்மா. வானத்தக் கண்ணால பாத்துச் சுடணும். அதனால யாரும் உக்காந்து சாப்பிட மாட்டாங்க. டின்னுல சோத்த வாங்கிட்டுப் போய் பீரங்கி பக்கத்துல நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க. பயிற்சிக்குக் காட்டுக்குப் போனா ரெண்டு நாளைக்கு ஒரு தடவ எடத்த மாத்துவாங்க. அடுப்புல பொகை வந்தா எனக்குத் திட்டு. எலை தழைய வெட்டி என் அடுப்பு மேலயே போட்டு மூடுவாங்க. அப்ப எங்க போர்முறைன்னா ரெண்டே விஷயம். ஒளியணும், நகரணும்."

"பிறகு?" என்று நான் கேட்டேன். அவர் சொல்லை அவரிடமே சொன்னதில் அவருக்குச் சந்தோஷம்.

"பிறகு புது ரேடாரும் ஏவுகணையும் வந்துச்சு. மறுமாசமே மேசை வந்துச்சு. ஆபீசருங்க உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சாங்க. சம்பல் ரெண்டாந்தடவ கேட்டாங்க. சம்பல் ரெண்டாந்தடவ கேக்கிற ஆளு சீக்கிரம் எந்திரிக்க மாட்டான். கொஞ்ச நாள்ல போர்முறைப் புத்தகத்தையே மாத்திட்டாங்க. இனிமே ஒளிய வேணாம், ஒரே எடத்துல இருக்கலாம், வானத்த மிசின் பாத்துக்கும். அந்தக் குடைக்கு அடியில காலாட்படை இன்னும் தூரம் முன்னால போகலாம்னு எழுதியிருந்தாங்க. பழைய புத்தகத்த எல்லாம் எரிக்கணுமே, எங்க எரிப்பாங்க? என் அடுப்புலதான். ரகசியம் பாருங்க, சாம்பலாகிற வரைக்கும் ஒரு சின்ன ஆபீசரு பக்கத்துலயே நின்னாரு. எங்க பழைய போர்முறையில ரெண்டு அண்டா தண்ணி கொதிச்சுச்சு."

அந்த மிசினைப் பார்க்க ஓர் அரசியல்வாதி வந்தாராம். வந்து இறங்கியதும் பணிவாக, நாலு பேரோடு ஒத்துப்போக வேண்டிய சின்ன நாடு நாம் என்கிற மாதிரி பேசினார். பிறகு ஏவுகணைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். தேநீர் குடித்தார். மேடை ஏறினார். நம்மை யாரும் தொட முடியாது, தொட்டுப் பார்க்கட்டும் என்று மேசையில் தட்டினார்.

"முதப் பேச்சுக்கும் ரெண்டாம் பேச்சுக்கும் நடுவுல நான் அவருக்குக் குடுத்தது ரெண்டு கறிபாப்," என்றார் மேஜர். "கறிபாப்ல ஒண்ணும் இல்ல. உருளைக்கிழங்குதான்."

அந்த வருஷப் பயிற்சிப் போரில் மேஜர் செத்துப்போனார். எதிரணியாக நடித்த படைப்பிரிவு வானத்திலிருந்து வரும் என்று எல்லாரும் ரேடாரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் காய்கறி லாரியில் வந்தார்கள். சமையல் கொட்டகைப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டவர் மேஜரேதான். கோபிஸ் என்கிற முட்டைக்கோஸுக்காகக் காலையிலிருந்து காத்திருந்தார். கோபிஸ் மூட்டைக்குப் பின்னாலிருந்து பன்னிரண்டு பேர் குதித்தார்கள். நடுவர் வந்து இவர் கையில் வெள்ளைத் துணியைக் கட்டி, "நீ செத்தாச்சு, படு," என்றார்.

"அடுப்புல பருப்பு கெடக்கு. செத்தவன் எந்திரிச்சுக் கிண்டக்கூடாதாம். படுத்துக்கிட்டே அடிப்பிடிக்கிற வாசத்த மோந்தேன். நானூறு பேரு பருப்பு." இப்போதும் அவருக்கு அது ஆறவில்லை. "பிறகு விசாரணை வச்சாங்க. லாரி எப்படி உள்ள வந்துச்சு, நாம ஏன் ரோட்டப் பாக்கிறத விட்டோம்னு ஒருத்தரும் கேக்கல. ரோட்டப் பாக்க இன்னொரு மிசின் வேணும்னு அறிக்கை எழுதினாங்க. கோபிஸுக்கு ஒரு ரேடார்."

நான் சிரித்தேன். அப்போது எனக்கு அது வெறும் கதை.

மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, என் வீட்டுக் கதவுக்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்தவன் என் தாலிக்கொடியை இழுத்தான். கொடி சட்டென்று அறுந்திருந்தால் பரவாயில்லை. நல்ல கொடி, அறவில்லை. பத்தடி தூரம் என்னை இழுத்துக்கொண்டு போன பிறகுதான் அறுந்தது. கழுத்தில் ஒன்பது தையல். வந்தவன் தாமானின் பின்பக்கப் பாதை வழியாக ஓடினான். அந்தப் பாதைக்கு அப்பால் அடுக்குமாடி வீடுகள். வாடகை குறைவான வீடுகள், எல்லா இனத்தாரும் இருந்தார்கள். திருடன் அங்கேதான் இருப்பான் என்று எங்கள் தாமானில் எல்லாருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. போலீசுக்கு மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

வேலிக்கு முதல் கையெழுத்து சேகர் போட்டார். தாமானைச் சுற்றி அடியில் சிமெண்டுச் சுவரும் மேலே கம்பி வலையும், முன்வாசலில் தடுப்புக் கம்பமும் ஜாகா என்கிற காவலாளியும், பின்பாதையில் பூட்டோடு ஓர் இரும்புக் கதவு, எட்டு மூலையிலும் கேமரா. கூட்டத்தில் தலைவர் மேஜரைப் பார்த்து, "நீங்க ராணுவத்துல இருந்தவரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார்.

"போடுங்க. போட வேண்டியதுதான். பிறகு?"

"பிறகு நிம்மதி."

"நிம்மதியா இருந்துக்கிட்டு என்ன செய்வோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, கழுத்தில் கட்டு இருந்தது.

வேலி வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அது வந்த வாரம்தான் நான் மறுபடி வாசலில் துணி காயப்போட்டேன்.

அதற்கு முன்னால் அடுக்குமாடிக்காரர்களோடு எங்களுக்குப் போக்குவரத்து இருந்தது. பாசத்தினால் அல்ல, வேறு வழியில்லாததால். இரண்டு பக்கமும் மோட்டார் திருட்டுப் போனதால் இரண்டு பக்கத்து ஆண்களும் சேர்ந்து ரோந்து போனார்கள். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஒரே லோங்காங் வழியாகத்தான் ஓடும். அந்தச் சாக்கடையில் குப்பை அடைக்கும் இடம் அவர்கள் பக்கம். மாதம் ஒரு ஞாயிறு இரண்டு பக்கமும் சேர்ந்து அள்ளுவோம். அவர்கள் தரப்பில் பேசுகிறவர் காக் சித்தி; மலாயில் காக் என்றால் அக்கா, சித்தி அவர் பெயர். கீழ்த்தளத்தில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்றவர், உரத்த குரல். எங்கள் தலைவருக்கு அவரிடம் கொஞ்சம் பயம்.

வேலி வந்த பிறகு ரோந்து நின்றது. கேமரா இருக்கிறதே. குப்பை அள்ளுவது நின்றது. அவர்கள் பக்கத்துக் குப்பைதானே. அங்கிருந்து எங்கள் தாமானைக் குறுக்கே கடந்து பள்ளிக்கும் பஸ்ஸுக்கும் போன பிள்ளைகள் பெருஞ்சாலை ஓரமாகச் சுற்றிப் போனார்கள். காக் சித்தி அதைப் பற்றிப் பேச முன்வாசலுக்கு வந்தார். ஜாகா அவரைக் கடிதம் எழுதச் சொன்னான். அவர் எழுதினார். தலைவர் பதில் எழுதச் சொன்னார், நான் தட்டச்சு செய்தேன். மலாய்க் கடிதத்தில் ஆரம்பத்திலேயே 'டெங்ஙான் ஹோர்மாட்', அதாவது மரியாதையுடன், என்று வரும். முதல் கடிதத்தில் அது இருந்தது. மூன்றாவது கடிதத்தில் தலைவர் எடுக்கச் சொன்னார்.

இதற்கிடையில் அவர் தம் கட்சிக் கிளைத் தேர்தலில் நின்றார். "வேலி போட்டவன் நான்" என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. ஜெயித்தும் விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்க அவரே ஆசைப்பட்டாலும் திறக்க முடியாது. திறந்தால் பயந்துவிட்டார் என்பார்கள்.

மூன்றாவது கடிதத்தை மேஜர் என் மேசையில் படித்தார்.

"இதுல ஹோர்மாட் எங்க கெராணியம்மா?"

"தலைவர் எடுத்துடச் சொன்னார் அண்ணே."

"வேலி இல்லாதப்ப எடுக்கச் சொல்லியிருப்பாரா?"

எனக்குக் கோபம் வந்தது. அதுவரை அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. "உங்க கழுத்தையா அண்ணே அறுத்தாங்க? உங்களுக்கு எல்லாமே கேம்ப் கதைதான். மோட்டார் சத்தம் கேட்டாலே கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்தேன். வேலி வந்த பிறகுதான் நான் வெளிய வரேன். அதையும் கிண்டல் பண்ணுவீங்களா?"

அவர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். முழங்கால் வலியால் படி இறங்கவே அவருக்கு நேரம் எடுத்தது. நான் கூப்பிடவில்லை.

மறுநாள் ஒரு டப்பாவில் மீன் குழம்போடு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"நேத்து நான் பேசினது தப்பும்மா. ஒண்ணு சொல்லணும். அந்த ரேடார் வந்த வருஷந்தான் நான் கேம்ப்ல ஒழுங்கா தூங்கினேன். அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் எந்தச் சத்தத்துக்கும் முழிச்சுக்குவேன். மிசின் கெட்டதுன்னு நான் எப்பவும் நெனச்சதில்ல. அது நமக்கு நேரம் வாங்கிக் குடுக்குது. அவ்வளவு பெரிய மிசினு வாங்கிக் குடுத்த நேரத்துல நாங்க என்ன செஞ்சோம்? மேசை போட்டுச் சாப்பிட்டோம். எதுக்காக அந்த மிசின் வேண்டியிருந்துச்சோ, அதப் பத்தி யாருகிட்டயும் போய்ப் பேசல. அதத்தான்மா கேக்கிறேன். வேற ஒண்ணும் இல்ல."

குழம்பு நன்றாக இருந்தது. நான் ஹோர்மாட்டைச் சேர்க்கவில்லை. கடிதம் ஏற்கனவே போய்விட்டிருந்தது.

மழைக்காலம் வந்தது. ஒரு மதியம் மூன்று மணி நேரம் விடாமல் பெய்தது. அடைத்துக் கிடந்த லோங்காங் பொங்கி எங்கள் தாமானுக்குள் வந்தது. வந்த தண்ணீர் வெளியே போகவில்லை. வேலியின் அடிச்சுவர் அதைப் பிடித்து நிறுத்தியது. திருடனைத் தடுக்கக் கட்டிய சுவர் எங்களுக்கு ஒரு குளத்தைக் கட்டிக் கொடுத்தது. என் வீட்டு ஐஸ்பெட்டி மெதுவாக மல்லாந்து படுத்ததை நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன்.

அடுக்குமாடிப் பக்கத்தில் காக் சித்தியும் பத்துப் பதினைந்து பேரும் கொட்டும் மழையில் சங்கோல் மண்வெட்டியோடு இறங்கிக் குப்பையை இழுத்தார்கள். அவர்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை, மேடான இடம். யாரும் கேட்காமலே வந்தார்கள். நாங்கள் வலைக்கு இந்தப் பக்கம் முட்டளவு தண்ணீரில் நின்று வேடிக்கை பார்த்தோம். கதவுச் சாவி தலைவர் வீட்டில், எந்த இழுப்பறையில் என்று அவருக்கே தெரியவில்லை. அவர் வலைக்குள்ளிருந்து கையைக் கூப்பி, "தெரிமா காசே, தெரிமா காசே" என்று நன்றி சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது. அடிச்சுவரை இன்னும் இரண்டடி உயர்த்துவது, தண்ணீர் இறைக்க ஒரு பம்பு வாங்குவது. நானும் கையைத் தூக்கியிருந்தேன். மேஜர் என் கையைப் பார்த்தார்.

அந்த மாதமே ஜாகா வேலையை விட்டுப் போனான். புது ஆள் கிடைக்கும்வரை காலை நேரத்தில் பின்கதவைத் தான் பார்த்துக்கொள்வதாக மேஜர் சொன்னார். ஒரு மேஜரே காவலுக்கு நிற்கிறார் என்று தலைவருக்குப் பெருமை. சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

மேஜர் தினமும் காலை ஆறிலிருந்து எட்டுவரை கதவைத் திறந்துவைத்தார். பள்ளிப் பிள்ளைகளும் பஸ்ஸுக்குப் போகிறவர்களும் போனார்கள். மூன்று மாதம் யாருக்கும் தெரியாது. எங்கள் தாமானில் பாதிப் பேர் விடியுமுன்னே சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள், மீதிப் பேர் முன்வாசல் வழியாகப் போவார்கள். பின்பக்கம் பார்க்க ஆள் இல்லை. கேமரா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

தலைவர் ஒருநாள் வேறு எதற்கோ கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார். உடனே கூட்டம்.

"யார் உங்களுக்கு இந்த அதிகாரத்தக் குடுத்தா?"

மேஜர் நாற்காலியில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாரும் குடுக்கல தலைவரே. வேலி நமக்கு நேரம் வாங்கிக் குடுத்துச்சு. நீங்க யாரும் அத எடுத்துக்கல. சும்மாதான கெடந்துச்சு, நான் எடுத்துக்கிட்டேன்."

"எடுத்துக்கிட்டு என்ன கிழிச்சீங்க?"

அவர் சொன்னார். காக் சித்தியோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். அவர்கள் ஞாயிறுதோறும் குப்பை அள்ளுகிறார்கள், இவரும் சங்கோலோடு போகிறார். தெரியாத மோட்டார் எதுவும் அந்தப் பக்கம் சுற்றினால் அவர்கள் எண்ணைக் குறித்துவைத்து இவரிடம் சொல்கிறார்கள். பதிலுக்கு இரண்டு மணி நேரம் கதவு. எழுத்தில் ஒன்றும் இல்லை. நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டே பேசி முடித்தது.

நான் செயலாளர் என்ற முறையில் எழுந்து, இந்த மூன்று மாதத்தில் இரண்டு பெருமழை பெய்தும் தண்ணீர் ஏறவில்லை என்று மட்டும் சொன்னேன். பம்பு பெட்டியைவிட்டு வெளியே எடுக்கப்படவில்லை.

தலைவரை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அவருக்கு அரசியல் தெரியும். அடுத்த வாரம் ஒரு நிருபர் வந்தார். திறந்த கதவுக்கு நடுவில் தலைவரும் காக் சித்தியும் கை குலுக்கினார்கள். இரு தரப்பையும் இணைத்த தலைவர் என்று பத்திரிகையில் வந்தது. மேஜர் அந்த நேரம் விழாவுக்குப் பீஹூன் பிரட்டிக்கொண்டிருந்தார். படத்தில் ஓரமாகப் பீஹூன் தெரிகிறது.

"உங்களுக்கு வருத்தமா இல்லையா அண்ணே?" என்று கேட்டேன்.

"அவரு பேரு அதுல மாட்டிக்கிச்சுல்ல, இனி அவரால மூட முடியாது," என்றார். "அதுக்குத்தான் நிருபருக்கு நான் போன் பண்ணேன்."

அடுத்த வருஷம் அவர் முழங்கால் அறுவை செய்துகொண்டு ரெங்கத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். போகிற அன்று சாவியை என்னிடம் கொடுத்தார்.

"காலையில தெறந்திருக்கிற நேரத்துல திருடன் வந்தா என்ன அண்ணே செய்யிறது?"

"வருவான். ஒருநாள் கண்டிப்பா வருவான். அன்னிக்கு எல்லாரும் பயந்து போய் மூடச் சொல்வாங்க. அவங்கமேல கோவப்படாதீங்க. ஆனா உங்க வேலை அன்னிக்குத்தான் ஆரம்பிக்கும்."

ஆறு மாதம் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தக் கதவு வழியாக உள்ளே வந்த எவனோ நாலாவது வரிசையிலிருந்து ஒரு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் போட்டார்கள். கதவை நிரந்தரமாக வெல்டிங் வைத்து அடைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். தலைவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நெளிந்தார். நான் எழுந்தேன். மேடைப் பேச்சு எனக்கு வராது. கழுத்துத் தழும்பு தெரியத் துப்பட்டாவை இறக்கிவிட்டு, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பயமாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். கதவு மூடியிருந்த நாட்களில் பயம் குறைந்தது, திருட்டைப் பற்றி நாம் யாரிடமும் பேசவும் இல்லை என்று சொன்னேன். காணாமல் போன மோட்டாரின் எண்ணை காக் சித்தியின் ஆட்கள் அன்றைக்கே தேட ஆரம்பித்துவிட்டதையும் சொன்னேன். இருபது நிமிஷம் பேசியிருப்பேன்.

கையைத் தூக்கச் சொன்னால் சண்டை வரும் என்று சீட்டில் எழுதிப் போட வைத்தார் தலைவர். எண்ணியது நான்தான். திறந்திருக்கட்டும் என்று பதின்மூன்று, மூடிவிடலாம் என்று பதினொன்று.

வீட்டு வாசலில் நின்றுகொண்டே ரெங்கத்துக்குப் போன் போட்டேன். ஜெயித்ததைச் சொன்னேன். அவர் சத்தம் போட்டுச் சந்தோஷப்படவில்லை. "எதிரா எத்தனை?" என்று கேட்டார்.

"பதினொண்ணு."

"அந்தப் பதினொரு பேரு வீட்டுக்கும் போங்க கெராணியம்மா. நாளைக்கு இல்ல, இன்னிக்கே. ஜெயிச்சாச்சுன்னு உக்காந்துடாதீங்க. அவங்க என்னத்துக்குப் பயப்படறாங்கன்னு கேளுங்க. பேச வேணாம், கேட்டா போதும்."

முதல் வீட்டைத் தேடி நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அந்தப் பதினொரு சீட்டில் ஒன்றின் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருஷமாக மளிகைச் சீட்டில் பார்க்கிற கையெழுத்து. சேகர் அடுப்படியில் எனக்கும் சேர்த்துத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க அப்படிப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. "தினமும் விடியக்காலையில சிங்கப்பூர் பாலத்துல கூட்டத்தோட கூட்டமா நிக்கிறேன். உனக்கு அப்படி ஆனதுலேருந்து, போன் அடிச்சா எடுத்துப் பாக்கவே கை வராது. ரெண்டு வருஷம் அப்படித்தான் நின்னேன், உன்கிட்டச் சொல்லல. அந்தக் கதவு பூட்டியிருந்த கொஞ்ச நாள்தான் எல்லாரையும் மாதிரி தூங்கி வழிஞ்சுக்கிட்டு நின்னேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மீதிப் பத்து வீட்டுக்கும் அன்று போக முடியவில்லை.